யோஷி, உமி நோ ஹாஹா: ஜப்பான் பட அம்மாக்களுக்கு தமிழ்ல என்ன பேரு?

ஒரு தத்துப்பிள்ளையோட ரெண்டு அம்மாக்களப் பத்தின கதை, ஜப்பான் டைரக்டர் நவோமி கவாசேயோட 2020 படம், ஜப்பான்ல 'அசா கா குரு', அதாவது 'விடியுது'ன்னு பேரு, வெளிநாட்டுக்கு வந்தப்ப 'ட்ரூ மதர்ஸ்' ஆயிடுச்சு. அத 'உண்மையான தாய்கள்'னு தமிழாக்கினா எனக்கு ஒப்பல, உண்மைன்னு ஒருத்திய சொன்னா பக்கத்துல பொய் அம்மா ஒருத்தி நிக்கிற மாதிரி ஆயிடுதுல்ல.

சரி, சொல்லுக்கு வருவோம். தத்துப்பிள்ளைக்கு ஜப்பானிய மொழியில 'யோஷி'. ஷின்னா பிள்ளை, யோன்னா ஊட்டி வளர்க்கறது, அந்த யோ எழுத்துக்கு அடியிலயே சாப்பாட்டுக்கான எழுத்து உக்காந்திருக்கு. நம்ம 'தத்து' சமஸ்கிருத 'தத்த'ல இருந்து வந்தது, 'கொடுக்கப்பட்டது'ன்னு அர்த்தம். 'சுவீகாரம்'னா தனதாக்கிக்கறது. ஆக அவங்க சோறு ஊட்டினத பாத்து பேரு வெச்சிருக்காங்க, நாம பிள்ளை கை மாறினத பாத்து.

ஆனா யோஷின்னதும் கைக்குழந்தைய நெனச்சுக்காதீங்க, அங்க தத்துல பெரும்பாலும் வளந்த ஆளுங்கதான், ஆண் வாரிசு இல்லாத வீட்ல மருமகனையே தத்தெடுத்து குடும்பப் பேரு குடுத்துடுவாங்க, அதுக்கு 'முகோயோஷி'ன்னு தனிப் பேரே இருக்கு. சின்னக் குழந்தைக்கான 'தோகுபெத்சு யோஷி' சட்டம் 1987லதான் வந்துச்சு. 1973ல இஷினோமாகி ஊர் டாக்டர் நோபோரு கிகுதா, குழந்தைய வளர்க்க ஆள் வேணும்னு பேப்பர்ல விளம்பரமே குடுத்தாரு, வளர்க்கறவங்களே பெத்த மாதிரி பொய் சர்டிபிகேட்டும் எழுதிக் குடுத்தாரு, அந்த ரகளையில கிளம்புனதுதான் இது. இதுல பெத்தவங்களோட சட்ட உறவு அறுந்துடும். மொதல்ல 6 வயசுக்குள்ளன்னு இருந்தது 2020ல இருந்து 15 ஆச்சு.

இப்ப அம்மாக்கள். பெத்தவ 'உமி நோ ஹாஹா' (நெல்லு உமி இல்லங்க, பெறுறதுன்னு அர்த்தம்), வளர்த்தவ 'சொதாதே நோ ஹாஹா'. தமிழ்ல இதுக்கு சங்க காலத்துலயே ஜோடி இருக்கு: நற்றாய், செவிலித்தாய். அழகுதான், ஆனா இன்னைக்கு செவிலின்னா ஆஸ்பத்திரி நர்ஸ் ஆயிட்டாங்க, படத்துல பையன தத்தெடுத்து வளர்க்கற சதோகோவ செவிலின்னு போட்டா ஊசி போட வந்தவன்னு நெனப்பாங்க. 'ஈன்று புறந்தருதல்'னு புறநானூறு பெறுறதையும் வளர்க்கறதையும் ஒரே தாயோட கடமையா சேத்து சொல்லுது, அந்த ரெண்டும் ரெண்டு பொம்பளைங்களுக்குப் பிரிஞ்சு போனதுதான் இந்தக் கதை. அதனால என் ஓட்டு பேச்சுவழக்குக்குத்தான்: பெத்தவ, வளர்த்தவ. எழுத்துல ஈன்ற தாய், வளர்ப்புத் தாய்.

படத்துல இன்னொன்னு இருக்கு. 14 வயசுல கர்ப்பமான ஹிகாரி பெத்த பையன சதோகோ எதையும் மறைக்காம வளர்க்கறா, வீட்ல ஹிகாரிக்குப் பேரு 'ஹிரோஷிமா அம்மா', அவன் பொறந்தது அந்தப் பக்கத் தீவுலங்கறதால. நம்ம வீட்ல 'மதுர சித்தி', 'திருச்சி அத்தை'ன்னு சொல்ற மாதிரிதான், சப்டைட்டில்ல அத அப்படியே விட்டுடலாம்.