கவுண்டி சீட்: சொல் விளக்கம்

அமெரிக்க ஊர்கள பத்தி தமிழ்ல தேடினா "கவுண்டி இருக்கை"னு வருது, படிக்கிறவங்களுக்கு நாற்காலிதான் ஞாபகம் வரும். கவுண்டின்னா அங்க மாநிலத்துக்குள்ள இருக்குற, நம்ம மாவட்டம் மாதிரியான பகுதி; கவுண்டி சீட்னா அந்த கவுண்டியோட நிர்வாகம் நடக்குற ஊர். கோர்ட், ஜெயில், ஷெரிஃப்ங்கிற கவுண்டி போலீஸ் அதிகாரி, வரி கட்டுற இடம், நிலப் பத்திரம் பதியுற இடம் எல்லாம் அங்கதான்.

கவுண்டிங்கிற வார்த்தை நமக்கு கிரிக்கெட்லயே பழக்கம். இதோட வேர் லத்தீன் 'கோமெஸ்', கூட போறவன்னு அர்த்தம், அதாவது ராஜாவோட கூடவே இருக்குற ஆளு. அந்த மாதிரி ஆளுக்கு கீழ இருந்த பகுதிக்கான பேரு பிரெஞ்சு வழியா தேய்ஞ்சு, 1066-ல நார்மன்காரங்க இங்கிலாந்த பிடிச்சதுக்கப்புறம் இங்கிலீஷ்ல ஏறுச்சு. அதுக்கு முன்னாடி அங்க இருந்தது 'ஷயர்', யார்க்‌ஷயர்ல இன்னும் இருக்கு பாருங்க, ஷயர பாத்துக்கிட்ட அதிகாரி 'ஷயர் ரீவ்'தான் ஷெரிஃப் ஆனாரு. சீட்ங்கிறது அதிகாரம் உட்கார்ந்திருக்குற இடம். நம்ம 'அரசிருக்கை'லயும் அதே எண்ணம்தான், ஆனா தனியா 'இருக்கை'ன்னா இன்னைக்கு யாருக்கும் அப்படி தோணாது.

கான்சாஸ்ல அபிலீன்னு ஒரு ஊரு, டிக்கின்சன் கவுண்டியோட சீட். 1857-ல டிமதி ஹெர்சின்னு ஒருத்தர் குதிரைவண்டி நின்னு போற இடமா ஆரம்பிச்சாரு, பேரு பைபிள்ல இருந்து எடுத்தது, தமிழ் பைபிள்ல லூக்கா 3:1-ல 'அபிலேனே'ன்னு இருக்கும். 1861-ல, கான்சாஸ் மாநிலமான அதே வருஷம், இது கவுண்டி சீட் ஆச்சு. அப்ப ஊர்னு சொல்ல ஒண்ணுமில்ல. 1867-ல ஜோசஃப் மக்காய்ங்கிற மாட்டு வியாபாரி வந்து பாத்தப்போ டஜன் மரக்குடிசைதான், முக்காவாசிக்கு மேல மண் கூரை, சாராயக்கடைக்காரர் ரயில்ல வர்றவங்களுக்கு பிரேரி நாய்ங்கிற அணில் ஜாதி பிராணிய வித்துட்டு இருந்தாராம்.

மக்காய் அங்க பட்டியும் ஹோட்டலும் கட்டினாரு, ஏன்னா டெக்சாஸ்ல நாலஞ்சு டாலருக்கு போற மாடு வடக்க நாப்பது டாலருக்கு போச்சு, ரயில் வேற அப்பதான் வந்திருந்துச்சு, டெக்சாஸ்ல இருந்து மாட்ட ஓட்டிட்டு வந்து இங்க ரயில்ல ஏத்தலாம். அதே வருஷம் செப்டம்பர் 5-ம் தேதி 20 பெட்டி மாடு சிகாகோவுக்கு கிளம்புச்சு. அப்புறம் ஊரு வீங்குச்சு, கூடவே துப்பாக்கி, சூதாட்டம். துப்பாக்கி சுடுறதுல பேர்போன வைல்ட் பில் ஹிக்காக் 1871-ல மார்ஷலா, அதாவது ஊரோட போலீஸ் தலைவரா இருந்தது இங்கதான். ஆனா 1872-லயே பக்கத்து விவசாயிங்களும் ஊர்க்காரங்களும் சேந்து இனிமே மாட்ட இங்க ஓட்டிட்டு வராதீங்கன்னு நோட்டீஸ் போட்டுட்டாங்க. மாட்டு வியாபாரம் போனாலும் ஊரு சாகல. கோதுமை வந்துச்சு, அத விட முக்கியமா கோர்ட்டும் பத்திர ஆபீஸும் அங்கயே இருந்துச்சு, கவுண்டில யாரு நிலம் வாங்கினாலும் வழக்கு போட்டாலும் அபிலீன் வந்துதான் ஆகணும். ஜனாதிபதி ஐசனோவர் வளர்ந்ததும் இந்த ஊர்லதான், சமாதியும் அங்கதான் இருக்கு.

கவுண்டி சீட்ங்கிற இந்த அந்தஸ்துக்காக ஊர்கள் நிஜமாவே சுட்டுக்கிச்சுங்க. 1889 ஜனவரில கான்சாஸோட கிரே கவுண்டில, இங்கால்ஸ் ஊர்க்காரங்க ஆயுதத்தோட சிமரான் ஊருக்கு போய் கவுண்டி ரெக்கார்டுகள தூக்கிட்டு வரப் பாத்தாங்க, சண்டைல உயிர் போச்சு. ரெக்கார்டு எந்த ஊர்ல இருக்கோ அந்த ஊரு பிழைக்கும், அவ்ளோதான் கணக்கு.

தமிழ்ல என்ன எழுதலாம்? 'மாவட்டத் தலைநகரம்' எனக்கு ஒட்டல. டிக்கின்சன் கவுண்டி முழுக்க சேத்தாலும் இருபதாயிரம் பேர் கிடையாது, அபிலீன்ல ஆறாயிரத்து சொச்சம், நகரம்னு சொன்னா படிக்கிறவங்க மதுரை அளவுக்கு கற்பனை பண்ணிடுவாங்க. நம்ம அரசாங்கமே 'மாவட்டத் தலைமையிடம்', 'வட்டத் தலைமையிடம்'னு எழுதுது, அதனால 'கவுண்டித் தலைமையிடம்' சரியா பொருந்தும். கதை கட்டுரைல 'தலைமையூர்'னு எழுதினா இன்னும் இயல்பா இருக்கும். லூசியானால கவுண்டிக்கு பதிலா பாரிஷ், அதனால பாரிஷ் சீட்னு சொல்வாங்க, வெர்மான்ட்ல ஷயர் டவுன், அங்கயும் தலைமையூர்னே போட்டுக்கலாம்.