சஸ்பென்ஸ்: மர்மமா, திகிலா, வேறா?

செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு ஒன்றைக் காட்டிவிட்டால் போதும், போஸ்டரில் ‘சஸ்பென்ஸ் த்ரில்லர்’ என்று போட்டுவிடுகிறார்கள். தமிழில் எழுதச் சொன்னால் சிலர் ‘மர்மப் படம்’ என்பார்கள், சிலர் ‘திகில் படம்’ என்பார்கள். இரண்டும் வேறு சரக்கு.

சஸ்பென்ஸின் வேர் லத்தீன். ‘தொங்கவிடு’ என்று பொருள். வேலையில் ‘சஸ்பெண்ட்’ ஆவதும் இதே வேர்தான்: ஆள் வேலையில் இருக்கவும் இல்லை, போகவும் இல்லை, அந்தரத்தில் நிற்கிறார். கணக்கு எழுதுகிறவர்களுக்கும் இந்தச் சொல் பழக்கம். எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாத தொகையைப் போட்டு வைக்கும் ‘சஸ்பென்ஸ் அக்கவுண்ட்’ தமிழில் அனாமத்துக் கணக்கு. லேவாதேவியில் பேரெடுத்த செட்டிநாட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. அனாமத்து அரபு மூலம், ‘அமானத்’ என்பதன் திரிபு. ஆனால் சினிமாவுக்கு ஆகாது. ‘அனாமத்துப் படம்’ என்றால் தயாரிப்பாளர் ஓடிவிட்டார் என்றே நினைப்பார்கள்.

சரி, அந்த வீட்டுக்குள் போவோம். முகப்பில் நின்றால் வளவு என்கிற நடுமுற்றம், அதற்குப் பின்னுள்ள இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை நேர்கோட்டில் தெரியும். வளவைச் சுற்றிப் பர்மா தேக்குக் கதவு போட்ட அறைகள், எல்லாம் பூட்டு. பெட்டகத்து நகையை எடுத்தது யார் என்பது மர்மம். ஆளில்லாத மாடியில் காலடி கேட்டு முதுகு சில்லிட்டால் திகில். மூன்றாவது அறையில் ஒருவன் அரிவாளோடு நிற்பது நமக்குத் தெரியும், ஆச்சிக்குத் தெரியாது. சாவிக்கொத்தோடு வந்து முதல் அறையைத் திறக்கிறார். பழைய பித்தளைத் தூக்கு ஒன்றை எடுத்துத் துடைக்கிறார். இரண்டாவதைத் திறக்கிறார், சாவி சிக்கிக்கொள்கிறது. இதுதான் சஸ்பென்ஸ்.

மர்மம் வடமொழி, உயிர்நிலை என்பது மூலப்பொருள், வர்ம அடியின் வர்மமும் அதுவே. த்ரில் பழைய ஆங்கிலத்தில் ‘துளைத்தல்’; மூக்குத்துளைக்கான ‘நாஸ்ட்ரில்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பின்பாதியும் அதே வேர்தான்.

என் தேர்வு ‘பதைபதைப்பு’. ‘பரபரப்பு’ செய்தித்தாளில் அடிபட்டுத் தேய்ந்துவிட்டது. தக்காளி விலை ஏறினாலும் பரபரப்புதான். பதைபதைப்பில் பயமும் காத்திருப்பும் சேர்ந்தே இருக்கின்றன. ‘பதைபதைப்புப் படம்’ என்று போஸ்டரில் போட்டால் த்ரில்லர் என்று தனியாக ஒட்ட வேண்டாம். பேய் வந்தால் மட்டும் திகிலைச் சேர்த்துக்கொள்ளலாம்.