14 எழுத்து கூடியதால் கிளைவிட்ட வைரஸ்

2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் அடுத்தடுத்துச் செத்தன. காரணம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று உறுதியானது. மனிதருக்கு இது தொற்றாது. “இதே காய்ச்சல்தானே ஐரோப்பாவிலும்? எல்லாம் ஒரே வைரஸா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஆப்பிரிக்காவில் வார்ட்ஹாக் என்ற காட்டுப்பன்றிக்கும் அதன் வளையில் வாழும் உண்ணிக்கும் இடையே நெடுங்காலமாகச் சுற்றிவரும் வைரஸ் இது. வார்ட்ஹாக்குக்கு நோய் வருவதே இல்லை. பி72 என்ற ஒரு மரபணுவை வைத்துப் பிரித்தாலே அங்கு இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் தேறும். அதில் 2ஆம் வகைதான் 2007இல் ஜார்ஜியா நாட்டில் இறங்கி, 2018இல் சீனா, 2020இல் இந்தியா என்று பரவியது. டி.என்.ஏ. வைரஸ் மெதுவாகத்தான் மாறும். அதனால் எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட ஒரே முகம்.

2020 செப்டம்பரில் ஜெர்மனியின் பிராண்டன்பர்க்கில், போலந்து எல்லையருகே, காட்டுப்பன்றியின் சடலம் ஒன்றில் இந்த வைரஸ் சிக்கியது. அடுத்தடுத்து கிடைத்த சடலங்களிலிருந்து ஃபிரீட்ரிக் லோஃப்லர் நிறுவனத்தார் (ஜெர்மனியின் விலங்கு நோய் ஆய்வு மையம்) ஒரு மரபணுவோடு நிற்காமல், வைரஸின் சுமார் 1,90,000 டி.என்.ஏ. எழுத்துகளையும் படித்தார்கள். பகுதிக்குப் பகுதி வேறு வேறு கிளைகள்! எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓர் அடையாளம்: ஓ174எல் என்ற மரபணுவில் 14 எழுத்துகள் இரண்டு முறை எழுதப்பட்டிருந்தன.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இந்த வைரஸ் பெருகுவது மேக்ரோபேஜ் என்ற காவல் செல்லுக்குள். அந்தச் செல் வீசும் வேதிப்பொருள்கள் டி.என்.ஏ.வைச் சிதைக்கும். அதைச் சரிசெய்ய வைரஸ் தன்னோடு ஒரு குட்டி மெக்கானிக்கைக் கொண்டுவருகிறது. பாலிமரேஸ் எக்ஸ் என்ற அந்த நொதி வெறும் 174 அமினோ அமிலம்தான். அதற்கான செய்முறை இருப்பது ஓ174எல்லில்.

மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகத்தான் செல் படிக்கும். ‘மரம் நிழல் தரும்’ என்று எழுதிப் பாருங்கள், மூன்றும் மூன்றெழுத்துச் சொற்கள். நடுவே ‘ரம்’ மட்டும் இன்னொரு முறை விழுந்தால்? ‘மரம் ரம்நி ழல்த ரும்.’ 14ஐ மூன்றால் வகுத்தாலும் மிச்சம் இரண்டு. அந்த இடத்துக்குப் பிறகு செய்முறை முழுக்கக் குழம்பிவிடும்.

மெக்கானிக் பழுதானதால் பிழைகள் திருத்தப்படாமல் தங்கி, கிளைகள் பெருகின என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. பி72 மட்டும் பார்த்திருந்தால் அத்தனையும் ‘2ஆம் வகை’ என்ற ஒரே பெட்டிக்குள் போயிருக்கும். இப்போதோ எந்தச் சடலம் எந்தத் தொற்றுச் சங்கிலியைச் சேர்ந்தது என்பதைக் கிளையை வைத்தே பிரிக்க முடிகிறது.

நம் காடுகளிலும் ‘நோய் உண்டு’ என்ற ஒரு வரி முடிவோடு கோப்பை மூடக்கூடாது. முழு மரபணுத் தொகுதியையும் படிக்கப் பணம் ஒதுக்க வேண்டும், அது வீண்செலவே இல்லை. சடலம் அழுகிவிட்டதே என்றும் விட வேண்டாம். தசை போனாலும் தொடையெலும்பின் மஜ்ஜையில் வைரஸின் டி.என்.ஏ. இருக்கும்.