தோள் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் எலும்பும் கொஞ்சம் போகிறது

முதல் தடவை தோள் இறங்கியபோது பெரிய காரணம் ஒன்று இருந்திருக்கும். விளையாட்டில் பாய்ந்து விழுந்திருப்பார்கள், வண்டியிலிருந்து விழுந்து முழு உடம்பும் நீட்டிய கையின் மேல் இறங்கியிருக்கும். இரண்டாம் தடவைக்கு அவ்வளவு வேகம் வேண்டியிருக்காது. ஆறாவது ஏழாவது தடவை வரும்போது, சட்டைக்குள் கையை நுழைக்கும்போதோ, தூக்கத்தில் தலைக்கு மேல் கையை வைத்துப் புரளும்போதோ, சத்தமில்லாமல் கழன்று வந்து நிற்கிறது. "நரம்பு தளர்ந்துபோச்சு, அதான்" என்று வீட்டில் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் தளர்வு மூட்டைச் சுற்றியுள்ள சவ்விலும் நாரிலும் நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அது பாதிக் கதைதான், மறுபாதி எலும்பில் இருக்கிறது. அதை யாரும் அளந்து பார்க்காமல் விட்டால் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் தோள் இறங்கும்.

இடுப்பு மூட்டில் ஆழமான கிண்ணம் ஒன்று பந்தைப் பொத்திப் பிடித்திருக்கும். தோளில் அப்படி இல்லை. தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் இருக்கும் கிளினாய்டு என்ற குழி, குழி என்று சொல்லவே கொஞ்சம் யோசிக்க வேண்டிய அளவுக்கு ஆழம் குறைந்தது. முன்னாலிருந்து பார்த்தால் பேரிக்காய் வடிவம், மேலே குறுகல், கீழே அகலம். அந்த அகலமான இடமே ஏறத்தாழ 25 மில்லிமீட்டர்தான், அதன் மேல் உட்காரும் கை எலும்பின் பந்து போன்ற தலையோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கையை இத்தனை திசையில் சுழற்ற முடிவதற்கு நாம் கொடுக்கும் விலை இது. அப்படியானால் தினமும் ஏன் கழன்று விழவில்லை? குழியின் விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்ற நார் வளையம் ஒன்று வரப்பு மாதிரி எழும்பி, குழியைக் கூடுதல் ஆழமாக்குகிறது. சுற்றியுள்ள தசைகள் பந்தைக் குழியின் நடுவை நோக்கி எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கின்றன. சரிவில் நிற்கும் வண்டிச் சக்கரத்துக்கு அடியில் வைத்த முட்டுக்கல் போலத்தான் விளிம்பு வேலை செய்கிறது. கல் சின்னதுதான், ஆனால் சக்கரம் அதை ஏறித் தாண்டினால்தான் உருள முடியும்.

தோள் இறங்கும் சம்பவங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் முன்பக்கமாகத்தான் நடக்கின்றன. பந்து எறியத் தயாராகும்போது கை எப்படி இருக்கும், பக்கவாட்டில் உயர்ந்து பின்னால் திரும்பி? அந்த நிலையில் கை எலும்பின் பந்து, குழியின் முன்–கீழ் விளிம்பைத் தள்ளிக்கொண்டு வெளியே போகிறது. போகும்போது லேப்ரம் விளிம்பிலிருந்து கிழிகிறது. இந்தக் கிழிசலை 1923-ல் விவரித்தவர் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் பாங்கார்ட், இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கிறார்கள். சிலருக்கு நார் மட்டும் கிழியாமல் விளிம்பு எலும்பிலிருந்தே ஒரு சில்லு உடைந்து வந்துவிடும். அந்தச் சில்லு இடம் மாறி ஒட்டிக்கொண்டாலும் பிரச்சினைதான், பெரும்பாலும் மாதங்கள் போகப் போக உடம்பே அதைக் கரைத்துச் சிறிதாக்கிவிடுகிறது. சில்லே உடையாதவர்களுக்கும் விளிம்பு தப்புவதில்லை. பந்து ஒவ்வொரு தடவை ஏறித் தாண்டும்போதும், முழுசாக இறங்காமல் பாதி நழுவி உள்ளே போகும்போதும்கூட, விளிம்பு உராய்ந்து மழுங்குகிறது. படிக்கட்டின் முனை பல பேர் மிதித்து மழுங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரி.

பந்தும் தப்புவதில்லை. வெளியே போன பந்தின் பின்பக்கம் குழியின் விளிம்பில் போய் மோதி நிற்கும். விளிம்பு கெட்டி எலும்பு, பந்தின் உள்ளே இருப்பது பஞ்சு போன்ற மென் எலும்பு. அதனால் பந்தில் பள்ளம் விழுகிறது. 1940-ல் ஹில், சாக்ஸ் என்ற இரண்டு கதிரியக்க மருத்துவர்கள் இதை எக்ஸ்ரேயில் காட்டி எழுதினார்கள், அதிலிருந்து இது ஹில்–சாக்ஸ் பள்ளம். ஆக, ஒரே சம்பவத்தில் குழியிலும் நஷ்டம், பந்திலும் நஷ்டம். மூட்டை மறுபடி உள்ளே தள்ளிவிட்டால் வலி உடனே குறைந்து பழையபடி ஆகிவிட்ட மாதிரி இருக்கும், ஆனால் தேய்ந்த விளிம்பு வளர்ந்து வருவதில்லை.

சரி, எவ்வளவு போனால் ஆபத்து? 25 மில்லிமீட்டர் அகலத்தில் 20 சதவீதம் என்றால் வெறும் 5 மில்லிமீட்டர். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், ஆனால் அந்த 5 மில்லிமீட்டர் போவது நடுவிலிருந்து அல்ல, முட்டுக்கல் இருந்த அதே இடத்திலிருந்து. 2000-ல் பர்க்கார்ட், டி பீர் என்ற இரு மருத்துவர்கள் நுண்துளை வழியாக லேப்ரத்தைத் தைத்து ஒட்டிய 194 பேரை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கு எனக்கு மறக்காத ஒன்று. எலும்பு பெரிதாகத் தேயாதவர்களில் 4 சதவீதம் பேருக்குத்தான் தோள் மறுபடி இறங்கியது, நிறையத் தேய்ந்திருந்தவர்களில் 67 சதவீதம் பேருக்கு. இரண்டு வகையினருக்கும் அதே தையல்தான் போட்டார்கள். அகலமாக இருந்த கீழ்ப்பகுதி தேய்ந்து மேல்பகுதியை விடக் குறுகிவிட்ட குழியை அவர்கள் தலைகீழ்ப் பேரிக்காய் என்றார்கள். நீண்ட காலம் 20 முதல் 25 சதவீதம்தான் எல்லைக்கோடாக இருந்தது. 2015-ல் வந்த ஒரு ஆய்வு 13.5 சதவீதத்திலேயே, தோள் மறுபடி இறங்காதவர்களுக்குக்கூட, கையின் பயன்பாடு குறைவாக இருப்பதைக் காட்டியது. அதாவது மூன்றரை மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு.

இதை அளக்க சாதாரண எக்ஸ்ரே போதாது. சிடி ஸ்கேன் எடுத்து, கணினியில் பந்தை மட்டும் நீக்கிவிட்டு, குழியை நேர் எதிரே நிறுத்திப் பார்ப்பார்கள். நல்ல குழியின் கீழ்ப்பாதி கிட்டத்தட்ட முழு வட்டம், அதனால் மிச்சமிருக்கும் விளிம்பை வைத்து ஒரு வட்டம் வரைந்தால் எங்கே எவ்வளவு குறைகிறது என்று கண்ணாலேயே தெரியும்.

ஆனால் குழியை மட்டும் அளந்தால் போதுமா என்ற கேள்விக்கு ஜப்பானில் யமமோட்டோவும் இத்தோயும் 2007-ல் கொடுத்த பதில்தான் இந்த விஷயத்திலேயே அழகானது என்பேன். கையை உயர்த்திச் சுழற்றும்போது குழி பந்தின் பின்பக்கத்தில் ஒரு தடம் போட்டுக்கொண்டு போகிறது. அந்தத் தடத்தின் அகலம் குழியின் அகலத்தில் ஏறத்தாழ 83 சதவீதம். பந்திலுள்ள பள்ளம் தடத்துக்குள் அடங்கினால் விளிம்பு அதில் மாட்டாது, தடத்தைத் தாண்டி உள்பக்கம் நீண்டிருந்தால் விளிம்பு பள்ளத்தில் விழும், தோள் கழலும். கணக்குப் போட்டே பார்ப்போம். 25 மில்லிமீட்டர் குழியில் தடம் 21-க்குச் சற்றுக் குறைவு. பந்தில் தசைநார் ஒட்டுமிடத்திலிருந்து பள்ளத்தின் உள் ஓரம் வரை 19 என்றால், அடங்குகிறது, கவலையில்லை. இப்போது குழியின் முன் விளிம்பில் 4 மில்லிமீட்டர் தேய்ந்துவிட்டது என்று வையுங்கள். தடம் 17 ஆகிவிட்டது. பள்ளம் ஒரு துளிகூடப் பெரிதாகவில்லை, ஆனால் நேற்றுவரை ஒன்றும் செய்யாத அதே பள்ளம் இன்று தோளைக் கழற்றுகிறது.

சிகிச்சையும் இதே கணக்கில்தான் போகிறது. தேய்மானம் குறைவு என்றால் லேப்ரத்தைத் தைத்தால் போதும். பள்ளம் மட்டும் பெரிது என்றால் பின்னாலிருக்கும் தசைநாரை இழுத்துப் பள்ளத்துக்குள் ஒட்டி அடைத்துவிடலாம். குழியே நிறையத் தேய்ந்திருந்தால் எலும்பு வைத்தாக வேண்டும். பிரெஞ்சு மருத்துவர் லட்டார்ஜே 1954-ல் விவரித்த முறையில், தோளின் முன்னால் காக்கை அலகு போல நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன எலும்பை அதோடு ஒட்டிய தசைநார்களோடு வெட்டி எடுத்து, தேய்ந்த விளிம்பில் திருகாணி போட்டுப் பொருத்துவார்கள். கையை உயர்த்தும்போது அந்தத் தசைநார்கள் பந்துக்கு முன்னால் ஒரு தூளி மாதிரி நின்று தாங்குவது கூடுதல் லாபம். நம் கணக்கில் குழி மறுபடி 25-க்கு வந்தால் தடமும் 21-ஐ நெருங்கும், 19-ல் இருக்கும் பள்ளத்தைத் தொடாமலே அது ஆபத்தில்லாததாகிவிடும். நரம்புகள் அருகில் ஓடும் இடம் என்பதால் இது சின்ன அறுவை இல்லை, திருகாணியிலும் வைத்த எலும்பிலும் பின்னால் பிரச்சினை வரலாம், அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வலிப்பு நோயில் தோள் இறங்குபவர்களுக்குத் தசைகள் முழு பலத்தோடு இழுப்பதால் எலும்பு நஷ்டம் பெரிதாக இருக்கும், அவர்களுக்கு வலிப்பைக் கட்டுப்படுத்தாமல் தோளை மட்டும் சரிசெய்து பயனில்லை.

அப்புறம், பழகிப்போய்த் தானே உள்ளே தள்ளிக்கொள்பவர்கள் நிறையப் பேர். மருத்துவமனைக்குப் போகாத அந்தத் தடவைகள் எந்தச் சீட்டிலும் இருக்காது, மருத்துவர் மூன்று என்று எழுதுவார், நிஜத்தில் பதினைந்தாக இருக்கும். பாதி நழுவித் தானே உள்ளே போனதையும் சேர்த்து எண்ணிச் சொல்லுங்கள். எந்த நிலையில் கழன்றது என்பதையும் சொல்லுங்கள், ஏனென்றால் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோனால் மட்டும் கழல்வது ஒரு ரகம், இடுப்பு உயரத்தில் எதையோ எடுக்கக் கை நீட்டும்போதே கழல்வது வேறு ரகம். இரண்டாவதைக் கேட்டதுமே அனுபவமுள்ள மருத்துவர் சிடி ஸ்கேனுக்கு எழுதிவிடுவார்.