ஷோகேஸ் அன்னம் ஏன் மங்கிப்போச்சு?

எங்கட வீட்டு ஷோகேஸில ஒரு கிறிஸ்டல் அன்னம் இருக்கு. சித்தி சுவிஸில இருந்து முதல்தரம் வரேக்க கொண்டு வந்தவ, உள்ளங்கைக்குள்ள அடங்கிற சாமான், பெட்டியைத் திறந்த அண்டைக்கு ஜன்னல் வெயில் பட்டு சுவரெல்லாம் குட்டிக் குட்டி வானவில் விழுந்தது. பிறகு வருஷக்கணக்கா அது அங்கயே, பள்ளிக்கூடத்துக் கப்புகள், கலியாண வீட்டு ஃபோட்டோ, ஓடாத மணிக்கூடு எல்லாத்துக்கும் நடுவில நிண்டுது. போன கிழமை எடுத்துப் பாத்தா உருகப்போற ஐஸ்கட்டி மாதிரி இருக்கு. அம்மா சொல்லுறா, "அது பழசாப் போச்சு, கல்லு மங்கீட்டுது."

கல்லு மங்கேல்லை. அவ்வளவு கெதியா ஷோகேஸுக்குள்ள இருந்து மங்கிற சாமான் இல்லை கண்ணாடி. நடந்தது வேற, அதை விளங்கோணுமெண்டா கிறிஸ்டல் எப்பிடி மினுங்குது எண்டதை ஒருக்கா வடிவாப் பாக்கவேணும், ஏனெண்டா நாங்கள் எல்லாரும் அதின்ர முன்பக்கம் மினுங்குது எண்டுதான் நினைக்கிறம். முன்பக்கத்தில பட்டுத் தெறிக்கிறது நூற்றில நாலு பங்கு வெளிச்சம்தான், உங்கட ஜன்னல் கண்ணாடியிலயும் அவ்வளவுதான் தெறிக்கும். மிச்சம் முழுக்க உள்ள போகுது. உள்ள போனதைப் பிடிச்சுத் திருப்பி எங்கட கண்ணுக்கு அனுப்புறது பின்பக்கத்துப் பட்டைகள், அதாவது சரிவாத் தட்டையா வெட்டின முகங்கள். மினுக்கம் முழுக்கப் பின்னாலதான் நடக்குது.

ஏ.எல். பௌதிகம் படிச்ச ஆக்களுக்கு முழு உட்தெறிப்பு ஞாபகம் இருக்கும், படிக்காத ஆக்களுக்கு இப்பிடிச் சொல்லலாம்: கண்ணாடிக்குள்ள ஓடுற ஒளி வெளியில காத்துக்குப் போக வெளிக்கிடேக்க, நேரா வந்து முட்டினா வெளிய போயிடும், ஆனா ஒரு அளவுக்கு மேல சரிவா வந்து முட்டினா அதால வெளிய போகேலாது, அந்த இடத்தில கண்ணாடி முகம் பாக்கிற கண்ணாடியா மாறி ஒளி அவ்வளவையும் உள்ளுக்கே திருப்பிப்போடும். அந்த அளவுதான் அவதிக்கோணம். அது சாமானின்ர முறிவுச்சுட்டியை, அதாவது ஒளியை அது எவ்வளவு வளைக்கும் எண்ட அளவைப் பொறுத்தது. சாதாரண கண்ணாடிக்கு முறிவுச்சுட்டி 1.52, அவதிக்கோணம் கிட்டத்தட்ட 41 பாகை. வைரத்துக்கு 2.42, அவதிக்கோணம் 24 பாகைதான். கோணம் குறையக் குறைய ஒளி தப்பி ஓடுற வாசல் சின்னனாகுது, அதாலதான் வைரத்துக்குள்ள போன வெளிச்சம் அங்கயும் இஞ்சயும் முட்டி முட்டி, போன முன்பக்கத்தாலயே திரும்பி வருது. வரேக்க நிறம் நிறமாப் பிரிஞ்சும் வருது, அதுதான் நிறப்பிரிகை, எங்கட சுவரில விழுந்த வானவில்.

இப்ப கண்ணாடிக்குள்ள ஈய ஒட்சைட்டைக் கலந்தா முறிவுச்சுட்டியும் கூடும் நிறப்பிரிகையும் கூடும். இங்கிலாந்தில ஜோர்ஜ் ரேவன்ஸ்குரொஃப்ட் எண்ட ஆள் 1674இல எடுத்த பேட்டன்ட்தான் இந்த ஈயக் கண்ணாடியின்ர கதைக்கு ஆரம்பம். ஈயம் போட்டா கண்ணாடி கொஞ்சம் மெத்தெண்டு ஆகி பட்டை வெட்டவும் சுகம், கையில பாரமாவும் இருக்கும், தட்டினா நிண்டு ஒலிக்கும். ஐரோப்பாவில 1969இல சட்டமே போட்டினம், 24 வீதமாவது ஈய ஒட்சைட்டு இருந்தாத்தான் ஈயக் கிறிஸ்டல் எண்டு பேர் வைக்கலாம் எண்டு. இதில பகிடி என்னெண்டா கிறிஸ்டல் எண்டு நாங்கள் சொல்லுற இந்தச் சாமான் விஞ்ஞானத்தில படிகமே இல்லை. படிகம் எண்டா அணுக்கள் பள்ளிக்கூட அசெம்பிளி மாதிரி வரிசையா நிக்கவேணும். கண்ணாடிக்குள்ள அதுகள் நல்லூர்த் தேரண்டு சனம் நிக்கிற மாதிரி, நெருக்கமா ஆனா ஒழுங்கில்லாம. உண்மையான படிகம் எண்டா ஸ்படிகம், அதாவது குவாட்ஸ்.

சரி, அன்னத்துக்கு வருவம். குசினிப் புகை, கையில இருந்த எண்ணெய், தூசி, எல்லாம் சேந்து பட்டைகளில ஒட்டியிருக்கு. இதில ஒரு நுணுக்கம் இருக்கு, நானே முதல் பிழையா விளங்கி வைச்சிருந்த விஷயம். எண்ணெய் மட்டும் கண்ணாடி மாதிரி மட்டமாப் பூசுப்பட்டிருந்தா பெரிசா ஒண்டும் நடக்காது, ஒளி எண்ணெயைத் தாண்டி அதின்ர வெளி முகத்தில முட்டித் திரும்பிடும். ஆனா விரல் அடையாளம் மட்டமா இருக்காது, வரி வரியா, துளி துளியா இருக்கும், அதில தூசியும் ஒட்டும். கண்ணாடியில இருந்து திரும்பவேண்டிய ஒளி எண்ணெய்க்குள்ள இறங்கி, தூசியில பட்டுச் சிதறி, கண்டபாட்டுக்குப் போயிடுது. உள்ள இருக்கிற ஒவ்வொரு பட்டையும் இன்னொரு பட்டைக்குப் பின்பக்கம்தானே, அதால ஒரு முகத்தில ஊத்தை பிடிச்சா முழு அன்னமும் செத்த மாதிரி.

வெளியில காத்து இருக்கிறது எவ்வளவு முக்கியம் எண்டு பாக்க ஒரு விளையாட்டுச் செய்யலாம். சூடு தாங்கிற போரோசிலிக்கேட் கண்ணாடி, பள்ளிக்கூட லாபில இருக்கிற டெஸ்ட் டியூப் மாதிரி ஒண்டை, நல்லெண்ணெயால நிரப்பி, நல்லெண்ணெய் ஊத்தின போத்தலுக்குள்ள இறக்குங்கோ. ரெண்டுக்கும் முறிவுச்சுட்டி கிட்டத்தட்ட 1.47, டியூப் காணாமலே போயிடும். தேடித்தான் எடுக்கவேணும். கண்ணாடி கண்ணுக்குத் தெரியிறதே காத்துக்கும் அதுக்கும் வித்தியாசம் இருக்கிறதாலதான்.

இதே காரணத்தாலதான் நகைக் கல்லுக்குப் பின்னால வெள்ளி மாதிரி ஒரு பூச்சு இருக்கு. கல்லைத் தோட்டிலயோ சீலையிலயோ பசை வைச்சு ஒட்டினா பின்பக்கத்தில காத்து இல்லை, பசைதான் இருக்கு, ஒளி பசைக்குள்ள இறங்கிடும். அதுக்காகப் பின்னால கண்ணாடிப் பூச்சு ஒண்டை வைச்சு, ஒளியை வலுக்கட்டாயமாத் திருப்புறாங்கள். 18ஆம் நூற்றாண்டில பாரிஸில ஜோர்ஜ் ஃபிரெட்ரிக் ஸ்ட்ராஸ் எண்ட நகை செய்யிற ஆள் இப்பிடிக் கண்ணாடிக் கல்லு வித்துப் பேர் எடுத்தவர், ஐரோப்பாவில இண்டைக்கும் அந்தக் கல்லுக்கு ஸ்ட்ராஸ் எண்டு பேர். நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்தப் பூச்சுக்குத் தண்ணி எமன். ஓரத்தால ஈரம் இறங்கினா பூச்சு கறுக்கும், கறுத்தது கறுத்ததுதான். சாமத்திய வீட்டுக்கு வாங்கின என்ர தங்கச்சியின்ர கல்லு செற் ஒண்டை நான்தான் சவுக்காரத் தண்ணியில ஊறப்போட்டு மினுக்கித் தாறன் எண்டு வெளிக்கிட்டு, பதினெட்டுக் கல்லைச் சாம்பல் நிறமாக்கினன். அவ இப்பவும் அதைச் சொல்லிக் காட்டுவா.

மயில் கழுத்து மாதிரி நிறம் மாறுற கல்லுகள் இன்னொரு வகை. அது 1956இல ஸ்வரோவ்ஸ்கி எண்ட கிறிஸ்டல் கொம்பனி, உடுப்பு வடிவமைக்கிற கிறிஸ்டியன் டியோரோட சேந்து கொண்டு வந்த வேலை. தலைமுடித் தடிப்பில நூற்றில ஒரு பங்கு கூட வராத மெல்லிய படலம் ஒண்டைக் கல்லில படிய வைப்பினம், படலத்தின்ர மேல் முகத்தில தெறிச்ச ஒளியும் கீழ் முகத்தில தெறிச்ச ஒளியும் மோதிச் சில நிறம் கூடும், சில நிறம் அழியும். மழை பெஞ்ச றோட்டில பெற்றோல் சிந்தினா தெரியிற நிறம் வேற ஒண்டுமில்லை, அதேதான். படலம் அவ்வளவு மெல்லிசு எண்டதால உரஞ்சினா போயிடும்.

வாங்கேக்க என்ன பாக்கிறது? முதல் விஷயம், கடை லைற்றை நம்பாதேங்கோ. கஸ்தூரியார் வீதியிலயும் சரி நல்லூர்த் திருவிழாக் கடையளிலயும் சரி, மேல பத்துப் பதினைஞ்சு குட்டி எல்.ஈ.டி. லைற் ஏன் கொழுவி வைச்சிருக்கினம்? புள்ளி புள்ளியா வெளிச்சம் விழுந்தாத்தான் பட்டை ஒவ்வொண்டும் தனித்தனியா வெட்டி மினுங்கும், பரவின வெளிச்சத்தில எல்லாம் சேந்து சாதுவாப் போயிடும். வாசலுக்குக் கொண்டு போய் நிழலில பாருங்கோ, அங்கயும் உயிரோட இருக்கிற கல்லுதான் நல்லா வெட்டின கல்லு.

பிளாஸ்டிக்கோ எண்டு சந்தேகம் வந்தா கன்னத்தில வைச்சுப் பாருங்கோ, பிளாஸ்டிக் சுடும் இல்லை குளிரும் இல்லை, கண்ணாடி குளிரும், ஸ்படிகம் அதை விடக் குளிரும், ஏனெண்டா குவாட்ஸ் உடம்புச் சூட்டைக் கண்ணாடியை விடப் பல மடங்கு கெதியா இழுக்கும். தனி மணி எண்டா இன்னொரு வழி இருக்கு, எனக்குப் பிடிச்ச வழி. ஒரு கிளாஸ் தண்ணியில ஆனையிறவு உப்பை இனிக் கரையாது எண்ட அளவுக்குக் கரையுங்கோ. அந்தத் தண்ணியின்ர அடர்த்தி கிட்டத்தட்ட 1.2, அக்கிரிலிக் பிளாஸ்டிக்கின்ர அடர்த்தி 1.18, மணி மிதக்கும். கண்ணாடிக்கு 2.5, தாண்டுபோகும். (கம்பியில கோத்த நகையைப் போட்டுடாதேங்கோ, உப்பு கம்பியைத் தின்னும்.)

ஸ்படிக மாலை எண்டு கண்ணாடியை விக்கிறது கனக்க நடக்குது. லென்ஸ் வைச்சுப் பாருங்கோ, உள்ள உருண்டையாக் காத்துக் குமிழி தெரிஞ்சா அது கண்ணாடிதான், மண்ணுக்குள்ள விளைஞ்ச குவாட்ஸில அப்பிடி உருண்டைக் குமிழி வராது. கொஞ்சம் பெரிய உருண்டை எண்டா தலைமுடி ஒண்டுக்கு மேல வைச்சு உருட்டி உருட்டிப் பாருங்கோ, ஏதாவது ஒரு பக்கத்தில முடி ரெண்டாத் தெரிஞ்சா குவாட்ஸ், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒண்டாவே தெரிஞ்சா கண்ணாடி. குவாட்ஸ் ஒளியை ரெண்டாப் பிரிக்கும், அணு வரிசையா நிக்கிறதின்ர பலன் அது. அமெரிக்கன் டயமண்ட் எண்டு விக்கிற சேர்க்கோனியாவா வெறும் கண்ணாடியா எண்டு பாக்க, வட்டப் பட்டை வெட்டின தனிக் கல்லு எண்டா உதயன் பேப்பருக்கு மேல கவிட்டு வையுங்கோ. கண்ணாடிக்கு ஊடாக எழுத்து தெரியும், சேர்க்கோனியாவுக்கு முறிவுச்சுட்டி 2.15க்கு மேல, எழுத்தைக் காட்டாது.

பொம்மை சேக்கிற ஆக்களுக்கு ரெண்டு விஷயம். ஸ்வரோவ்ஸ்கி 1895இல ஒஸ்ரியாவில வாட்டன்ஸ் எண்ட ஊரில துவங்கினாலும் பொம்மை செய்ய வெளிக்கிட்டது 1976இலதான், முதல் பொம்மை சரவிளக்குத் துண்டுகளை ஒட்டிச் செய்த ஒரு சுண்டெலி. அவையின்ர அன்னம் முத்திரை வந்தது 1980களின்ர கடைசியில, அதுக்கு முந்தினதுகளில வேற முத்திரை இருக்கும், அதால பழைய பொம்மையில அன்னம் இல்லை எண்டதுக்காகப் போலி எண்டு முடிவெடுக்கவேண்டாம். அவையள் 2012க்குப் பிறகு ஈயத்தையும் விட்டுட்டினம்.

கழுவுறது எப்பிடி எண்டா, துடைக்கிறதுக்கு முதல் தூசியைத் தட்டவேணும், மெல்லிய பிறஷ்ஷால. அம்மா செய்யிற மாதிரி சீலைத் தலைப்பால உரஞ்சக்கூடாது. வீட்டுத் தூசியில மணலும் இருக்கு, மணல் எண்டா குவாட்ஸ், ஒண்டில இருந்து பத்து வரை போற மோஸ் கடின அளவில 7. கண்ணாடி ஐஞ்சரைதான், ஈயக் கண்ணாடி அதுக்கும் கீழ. வல்லிபுரத்து வெள்ளை மணலில இருக்கிற அதே சிலிக்காவிலதான் கண்ணாடியே செய்யிறது, ஆனா உருக்கின பிறகு தன்ர சொந்தக்கார மணலே அதைக் கீறும். பின்பூச்சு இல்லாத பொம்மை எண்டா இளஞ்சூட்டுத் தண்ணியில பாத்திரம் கழுவுற சவுக்காரம் ரெண்டு துளி விட்டுக் கெதியாக் கழுவலாம். கடைசி அலம்பலுக்கு மட்டும் எங்கட கிணத்துத் தண்ணி வேண்டாம். யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக் கல்லு, தண்ணி காய்ஞ்ச இடத்தில வெள்ளைப் புள்ளி விழும், கேத்திலுக்குள்ள பிடிக்கிற அதே சுண்ணாம்பு. சுண்ணாம்பு எடுத்த ஃபில்டர் தண்ணியோ மழைத்தண்ணியோ எடுங்கோ. நகையை நனைக்கவே வேண்டாம், மெல்லிய துணி காணும், சென்ட் அடிச்ச பிறகு போடுங்கோ.

உருண்டைக் கிறிஸ்டலை ஜன்னலடியில வைக்காதேங்கோ. ஆறு சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டை, வெயிலை ஒன்றரை சென்டிமீட்டர் அங்கால ஒரு புள்ளியில குவிக்கும், எங்கட பங்குனி சித்திரை வெயிலுக்கு மேசை விரிப்புப் பத்தக் காணும். உடைஞ்ச பொம்மையை சுப்பர் குளூவால ஒட்டவும் வேண்டாம், அதில இருந்து வாற ஆவி கண்ணாடியில வெள்ளைப் புகை மாதிரிப் படியும்.

அன்னத்தை ஞாயிற்றுக்கிழமை கழுவினன், துவாய் விரிச்சு அதுக்கு மேல, கை வழுக்கும் எண்டு. காய்ஞ்ச பிறகு அம்மா ஜன்னலடியில பிடிச்சுப் பாத்தா, சுவரில பழையபடி வானவில் விழுந்தது, அவ ஒண்டும் கதைக்கேல்லை. கழுத்தும் உடம்பும் சேர்ற இடத்தில மட்டும் பசை மஞ்சளாகி இருக்கிறது இப்பதான் தெளிவாத் தெரியுது. ஊத்தை இருக்கேக்க அது தெரியேல்லை.