பழைய தொட்டிக்குள் ஒரு சிறிய மீன்

"மூன்று ஆண்டுகளாக ஒரு மீன்கூடச் சாகவில்லை. புதிதாக விட்டதை மட்டும் மூன்றாம் நாளே காணவில்லை." கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரிக்கும் தொழிலில் நான் அடிக்கடி கேட்கும் முறையீடு இது. சொல்பவர் பெரும்பாலும் நல்ல வளர்ப்பாளராகவே இருப்பார். மீன் கழிவால் நீரில் சேரும் அம்மோனியா, நைட்ரேட் எல்லாம் ஒழுங்காகச் சோதிப்பவர். நீர் சரியாக இருந்தால் மீனும் பிழைத்துக்கொள்ளும் என்று நம்பிவிடுகிறார். அந்தத் தொட்டியின் ஒவ்வொரு பாறை இடுக்குக்கும் ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருப்பதை அவர் மறந்துவிடுகிறார்.

நான் பராமரித்த ஒரு தொட்டியில் ஆறுகோட்டு ராஸ் என்ற முரட்டு மீன் ஒன்று இரண்டு ஆண்டுகளாக இருந்தது. நீளம் ஏழு சென்டிமீட்டர்தான். அங்கே ஃபயர்ஃபிஷ் என்ற சிறிய மீன் ஒன்றை வாங்கி விட்டார்கள். மாலை முழுவதும் ராஸ் அதைத் துரத்தியிருக்கிறது. மறுநாள் காலை, தொட்டிக்குப் பின்னால் தரையில் அது காய்ந்து கிடந்தது. ஃபயர்ஃபிஷ் மிரண்டால் துள்ளும். தொட்டிக்கு வலை மூடி இல்லை. விட்டவுடனேயே என்னைக் கேட்டிருக்கலாமே என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

இப்போது துளையிட்ட, கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக் பெட்டி இல்லாமல் எந்தச் சிறிய மீனையும் நான் உள்ளே விடுவதில்லை. பெட்டியைத் தொட்டியின் உள்பக்கம் மாட்டி, புதியதை அதில் மூன்று முதல் ஏழு நாட்கள் வைக்கிறேன். நீர் ஒன்றே, கண்ணுக்கும் தெரிகிறது, ஆனால் கடிக்க முடியாது. யார் பெட்டியை முட்டுகிறார்கள், யார் ஒரு பார்வையோடு விலகிப் போகிறார்கள் என்பது முதல் நாளே தெரிந்துவிடும். முட்டுவது ஓயவே இல்லையென்றால் இடத்தை மாற்றிவிடுவேன்: முரடனைப் பிடித்துப் பெட்டியில் அடைத்து, புதியதைச் சில நாட்கள் வெளியே உலவ விடுவேன். அதற்குள் அது தனக்கென ஒரு பொந்தைக் கண்டுபிடித்துவிடும். திறந்துவிடும் வேளையில் விளக்கை அணைத்து, பழைய மீன்களுக்கு முதலில் வயிறு நிறையத் தீனி போடுங்கள்.

உப்பின் அளவைக் கடையிலேயே கேட்டுவிடுங்கள். பல கடைகளில் ஒப்படர்த்தி (நீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் எண்) 1.018 அல்லது 1.020-இல் இருக்கும், உங்கள் தொட்டியிலோ 1.025. கடல் மீனின் உடலிலிருந்து நீர் ஓயாமல் வெளியேறுகிறது. அதை ஈடுகட்டத்தான் அது கடல்நீரைக் குடிக்கிறது. உப்பு திடீரென ஏறினால் அந்த ஈடு போதாமல் உடல் வறண்டுவிடும். அதன் விளைவு சில நாட்கள் கழித்துத் தெரியும்போது காரணம் யாருக்கும் புரிவதில்லை. புதிய மீனை முதலில் தனியாக வைக்கும் தனித்தொட்டியைக் கடையின் அளவிலேயே வைத்து, நாளுக்கு 0.002-க்கு மேல் போகாமல் உயர்த்துங்கள்.

நெடுந்தூரம் பையில் பயணித்து வந்த மீனை, தொட்டி நீரை மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்குவதை நான் நிறுத்திவிட்டேன். பையில் சேரும் கரியமில வாயு நீரின் பி.எச். (அமில-கார) அளவைக் குறைக்கிறது; அதனால் அம்மோனியாவின் நச்சும் தணிந்திருக்கிறது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அதே அம்மோனியா கொடிய நஞ்சாகிவிடும். வெப்பத்தைச் சமன் செய்து, உப்பைப் பொருத்திவைத்த நீருக்கு மீனை உடனே மாற்றிவிடுவதே நல்லது. பை நீர் தொட்டிக்குள் போகவே கூடாது.

தனித்தொட்டி என்றவுடன் பலர் முகம் சுளிக்கிறார்கள். அதில் புதிய மீனை ஏறத்தாழ 30 நாட்கள் வைக்கச் சொல்வது பழைய மீன்களுக்காகவும்தான். கடல்மீன் வெண்புள்ளி நோயைக் கொண்டுவரும் ஒட்டுண்ணி, பாறையிலும் மணலிலும் உறை கட்டி ஒட்டிக்கொள்ளும். அந்த உறையிலிருந்து குஞ்சுகள் வெளிவர 72 நாட்கள்கூட ஆகலாம். ஒரு முறை உள்ளே வந்துவிட்டால், எல்லா மீன்களையும் பிடித்து வெளியேற்றிச் சிகிச்சை தந்து, தொட்டியை 76 நாட்கள் மீனில்லாமல் வைக்க வேண்டியிருக்கும். பவளமும் இறாலும் உள்ள தொட்டியில் தாமிர மருந்தை ஊற்றவும் முடியாது, அவை மடிந்துவிடும்.

பெட்டியிலிருந்து விட்டபின் ஓரிரு நாள் மீன் கண்ணில் படாவிட்டால் பாறைகளைக் கிளறாதீர்கள். முதலில் தரையையும் தொட்டி நீர் வழிந்து விழும் வழிநீர் அறையையும் பாருங்கள். பிறகு பம்பை நிறுத்தி, அது கடைசியாக ஒளிந்த இடுக்கின் அருகே தினமும் ஒரே நேரத்தில் கொஞ்சம் தீனி விடுங்கள்.