சின்ன சப்வூஃபர் வாங்கும் முன் அறையை அளந்து பாருங்கள்

சப்வூஃபர் என்பது பேஸ் எனும் ஆழ்ந்த ஒலியை மட்டும் தரும் ஸ்பீக்கர்; ஹெர்ட்ஸ் எண் குறையக் குறைய ஒலி ஆழமாகும். ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் கறுப்புப் பெட்டி. அட்டையின் ஒரு பக்கம் ‘20 ஹெர்ட்ஸ் வரை’, மறுபக்கம் ‘500 வாட்ஸ்’. இரண்டுமே பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்காது. 20 ஹெர்ட்ஸ் வரும்போது சத்தம் போதாது. சத்தம் போதுமான அளவுக்கு வரும்போது 20 ஹெர்ட்ஸ் காணாமல் போயிருக்கும்.

எல்லாம் காற்றுக் கணக்குதான். கூம்பு, அதாவது டிரைவர் எனும் ஒலி எழுப்பும் பாகத்தின் அதிரும் முகம், எவ்வளவு காற்றைத் தள்ளுகிறதோ அவ்வளவுதான் பேஸ். அதே சத்தத்தைப் பாதி அதிர்வெண்ணில் எழுப்ப நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். ஒரு 8 அங்குல டிரைவரைத் தரையில் வைத்து, ஒரு மீட்டர் தள்ளி 40 ஹெர்ட்ஸில் 100 டெசிபல் வேண்டுமென்றால், மூடிய பெட்டியில் கூம்பு முன்னும் பின்னும் தலா சுமார் 11 மில்லிமீட்டர் ஆட வேண்டும். நல்ல டிரைவருக்கு இது முடியும். 20 ஹெர்ட்ஸில் அதே 100 டெசிபலுக்கு 44 மில்லிமீட்டர் ஆட வேண்டும். ஸ்கேலை எடுத்து 44 மில்லிமீட்டர் எவ்வளவு என்று பாருங்கள். அந்த அளவு போய்வரும் 8 அங்குலக் கூம்பை எந்தப் பெட்டியிலும் பார்க்க முடியாது. 12 அங்குலம் என்றால் 19 மில்லிமீட்டர் போதும், அது நடக்கிற காரியம். ஆனால் அந்தப் பெட்டி சோபாவுக்குப் பக்கத்தில் அடங்காது.

பெட்டியின் கொள்ளளவுக்கும் இதே போல ஒரு கணக்கு உண்டு. ஜே. ஆண்டன் ஹாஃப்மன் பெயரில் வழங்கும் விதி அது, கே.எல்.எச். ஸ்பீக்கர் நிறுவனப் பெயரில் கடைசி எழுத்து அவருடையதுதான். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சாரத்தில் நிறையச் சத்தம்: இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். கையடக்கமான சப்வூஃபர்கள் எல்லாம் முதல் இரண்டை எடுத்துக்கொண்டு மூன்றாவதை விட்டுவிட்டவை. அவ்வளவு சின்னப் பெட்டிக்குள் 300 வாட்ஸ் ஆம்ப் உட்கார்ந்திருப்பது அதனால்தான். அடியில் விழுந்துபோகும் அதிர்வெண்களை 12 டெசிபல் தூக்கிப் பிடிக்க 16 மடங்கு பவர் வேண்டும். அந்தப் பவரில் பெரும்பகுதி கூம்பை ஆட்டும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலில் வெறும் சூடாகப் போகிறது. காயில் கருகாமலும் கூம்பு கிழியாமலும் இருக்க உள்ளே, சிக்னலை ஓர் எல்லைக்கு மேல் ஏறவிடாத லிமிட்டர் காவல் காக்கிறது. வால்யூம் ஏற ஏற, அது முதலில் கை வைப்பது மிக ஆழமான அதிர்வெண்களில்தான்.

ஆகவே கடையில் கேட்கும்போது ஒரே பாட்டின் ஒரே பகுதியை இரண்டு வால்யூமில் போடச் சொல்லுங்கள்: முதலில் பக்கத்தில் நிற்பவரோடு பேசும் அளவு, பிறகு நீங்கள் வீட்டில் படம் பார்க்கும் அளவு. இரண்டாவது முறை மற்ற சத்தம் எல்லாம் ஏறி, அடி மட்டும் ஏறாமல் நின்றால் லிமிட்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். இது குறை இல்லை. அந்தப் பெட்டியின் எல்லை அதுதான். உங்கள் வால்யூம் அந்த எல்லைக்குள் அடங்கினால் தாராளமாக வாங்கலாம்.

எவ்வளவு ஆழம் தேவை என்பது கேட்பதைப் பொறுத்தது. நான்கு தந்தி பேஸ் கிடாரின் அடி நோட் 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தியில் 31. பியானோவின் கடைசிக் கட்டை 27.5, அதை வாசிப்பவர்கள் குறைவு. பாட்டு மட்டும் கேட்பவருக்கு 35 ஹெர்ட்ஸ் வரை சுத்தமாக வந்தாலே நிறைவு. படத்தில் வெடிப்பும் இடியும் 20களில் இறங்கும். அங்கேதான் சின்னப் பெட்டிகள் மூச்சு வாங்கும்.

இப்போது டேப்பை எடுங்கள். அறை நீளம் 4.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒலியின் வேகமான 343ஐ நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 41 வரும். அந்த அறையின் முதல் ஒத்ததிர்வு, அதாவது அறை தானே பெருக்கிக் காட்டும் முதல் அதிர்வெண், அது. 41 ஹெர்ட்ஸுக்குக் கீழே, மூடிய அறை ஒரு பிரஷர் குக்கர் போல நடந்துகொள்ளும். ஒவ்வொரு முறை அதிர்வெண் பாதியாகும்போதும் 12 டெசிபல் வரை அறையே இலவசமாகச் சேர்த்துக் கொடுக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. கதவு இடுக்கும் ஜன்னலும் மெல்லிய தடுப்புச் சுவரும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். கான்கிரீட் அறையில் நிறையவே மிஞ்சும். ஹாலும் சமையலறையும் படிக்கட்டும் ஒன்றாகத் திறந்து கிடக்கும் வீட்டில் இந்த உதவியை எதிர்பார்க்காதீர்கள். அங்கே ஒற்றை 8 அங்குலப் பெட்டி வாங்குவது, எத்தனை நல்ல பெட்டியாக இருந்தாலும், வீண் செலவு.

பெட்டியின் வகையைத் தீர்மானிப்பதும் இதுவே. முழுக்க மூடிய பெட்டி கீழே போகப் போக ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 12 டெசிபல் வீதம் இறங்கும். அறை ஏற்றிக் கொடுப்பதும் ஏறக்குறைய அதே சரிவில் என்பதால் சின்ன மூடிய அறையில் இரண்டும் ஒன்றையொன்று ஈடு செய்துகொள்ளும். போர்ட் எனும் காற்றுக் குழாய் வைத்த பெட்டி, அந்தப் போர்ட் அமைக்கப்பட்ட அதிர்வெண் வரை அதிகச் சத்தம் தரும். அதற்குக் கீழே 24 டெசிபல் வீதம் சரிந்துவிடும். அந்த எல்லைக்குக் கீழே கூம்புக்குக் காற்றின் பிடிமானமும் போய்விடும், அந்த ஆழமான ஒலியைத் தடுக்கும் வடிகட்டி இல்லாத மலிவு மாடல்களில் கூம்பு வெறுமனே தடதடக்கும். சின்னப் பெட்டியில் போர்ட் குழாயும் குறுகலாகத்தான் இருக்க முடியும், காற்று வேகமாகப் போய்வரும்போது ‘உஸ் உஸ்’ என்று ஊதும். பாட்டு அதை மறைத்துவிடும். 30 ஹெர்ட்ஸில் ஒரே சீராக ஒலிக்கும் டோன் ஒன்றைப் போட்டுக் குழாய் வாயருகே காது வைத்தால் தெரியும். பாஸிவ் ரேடியேட்டர் என்பது அந்தக் குழாய்க்குப் பதிலாகக் காந்தம் இல்லாத ஒரு கூம்பை வைப்பது. ஊதல் போய்விடும், விலை கூடும். பெரும்பாலும் பக்கவாட்டில் இருப்பதால் அலமாரிக்குள் செருகிவிடக் கூடாது. சின்ன மூடிய அறைக்கு எங்கள் பரிந்துரை 10 அங்குல மூடிய பெட்டி. இடமே இல்லை என்றால் 8. 6.5 அங்குலம் கணினி மேசைக்குச் சரி, ஹாலுக்கு வேண்டாம்.

விவரத் தாளில் கண்ணைத் திறந்து படிக்க வேண்டிய இடங்கள் சில. ‘25–200 ஹெர்ட்ஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. ‘±3 டெசிபல்’ என்று கூடவே இருக்க வேண்டும், அந்த எல்லைக்குள் சத்தம் 3 டெசிபலுக்கு மேல் ஏறி இறங்காது என்று அர்த்தம். −10 டெசிபல் கணக்கில், அதாவது சத்தம் 10 டெசிபல் விழுந்த இடத்தில், 25 என்றால், பயன்படும் பேஸ் 32, 35 அருகே நின்றுவிடலாம். பவரில் கண நேர உச்சமான பீக் எண்ணை விட்டுவிட்டு, தொடர்ந்து தரும் அளவான ஆர்.எம்.எஸ். எண்ணைப் பாருங்கள், 200 வாட்ஸுக்கும் 400 வாட்ஸுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 3 டெசிபல். உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த அதிர்வெண்ணில் எத்தனை டெசிபல் என்பது. சப்வூஃபர் சத்தத்தை அளக்கும் தர முறையான சி.இ.ஏ. 2010 படி அளந்த எண்கள் அதற்குப் பதில் சொல்லும். அதிலும் ஒரு கண்ணி: ஒருவர் 2 மீட்டரில் ஆர்.எம்.எஸ். அளவைப் போடுவார், இன்னொருவர் 1 மீட்டரில் பீக் அளவைப் போடுவார். பெட்டி ஒன்றே என்றாலும் இரண்டாமவர் எண் 9 டெசிபல் கூடுதலாகத் தெரியும்.

கூடவே இருக்கும் ஸ்பீக்கர்களை மறக்க வேண்டாம். புத்தக அலமாரி அளவு ஸ்பீக்கர் என்றால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். அந்த இடத்தில் பேஸ் எங்கிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்காது. 3 அங்குல டிரைவர் போட்ட சின்ன ஸ்பீக்கர்கள் 130, 150க்குக் கீழே வராது. அப்போது சப்வூஃபரும் அதுவரை மேலே ஏறிப் பாட வேண்டும், ஆண் குரலின் கனமான பகுதி மூலையிலிருந்து கேட்கும். அப்படிப்பட்ட செட் என்றால் பெட்டியை முன்பக்க ஸ்பீக்கர்களுக்கு நடுவிலோ மிக அருகிலோ வைக்க இடம் பார்த்த பிறகு வாங்குங்கள். சவுண்ட்பாருடன் வரும் வயர்லெஸ் சப்வூஃபரை வேறு ஆம்போடு சேர்க்க பெரும்பாலும் வழி இருக்காது.

ரிசீவர் (ஹோம் தியேட்டர் ஆம்ப்) இருந்தால் இணைப்பு எளிது. சப்வூஃபர் அவுட்டிலிருந்து ஷீல்டு உள்ள ஒரு ஆர்.சி.ஏ. கேபிள், பெட்டியின் எல்.எஃப்.இ. (ஆழ்ந்த ஒலிக்கான) இன்புட்டுக்கு. கிராஸ்ஓவரை, அதாவது ஒலியைப் பிரிக்கும் வேலையை, ரிசீவர் பார்த்துக்கொள்வதால் பெட்டியில் உள்ள கிராஸ்ஓவர் குமிழை உச்சத்துக்குத் திருப்பிவிட வேண்டும். இரண்டையும் 80இல் வைத்தால் ஒரே இடத்தில் இரண்டு முறை வெட்டு விழும், 60 முதல் 90 வரை பள்ளமாகிவிடும். ‘பேஸ் இருக்கு, ஆனா அடி விழல’ என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய குமிழ் இது. சப்வூஃபர் அவுட் இல்லாத ஸ்டீரியோ ஆம்ப் என்றால் ஸ்பீக்கர் முனையிலிருந்தே வயர் எடுக்கும் ஹை லெவல் இன்புட் உள்ள பெட்டியாக வாங்க வேண்டும். ஆம்புக்கு அதனால் சுமை கூடாது. ஆனால் பிரிட்ஜ் முறையில் (இரண்டு முனைகளிலும் சிக்னல் வரும்படி) இயங்கும் கிளாஸ் டி ஆம்புகளில் கறுப்பு முனை கிரவுண்ட் கிடையாது. அதைப் பெட்டியின் கிரவுண்டோடு இணைத்தால் ஆம்ப் போய்விடலாம். இரண்டு கையேடுகளையும் படித்த பிறகே வயரைத் தொடுங்கள்.

இடம் தேடும் வேலைக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள், விலை உயர்ந்த மாடலுக்கு மாறுவதைவிட இதில் பலன் அதிகம். நீங்கள் உட்காரும் இடத்தில் சப்வூஃபரை வையுங்கள், சோபா மேலே என்றாலும் சரி. ஏறி இறங்கும் பேஸ் கிடார் உள்ள பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட விடுங்கள். இப்போது பெட்டி வைக்கச் சாத்தியமான இடங்களில் எல்லாம் குனிந்து, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் தலையை வைத்துக் கேளுங்கள். ஒரு மூலையில் ஒரு நோட் மட்டும் வீங்கும். அறையின் நடுவே சில நோட்டுகள் விழுங்கப்பட்டிருக்கும். சுவரோரம் இரண்டடி நகர்ந்தாலே எல்லா நோட்டும் ஒரே கனத்தில் கேட்கும் ஓர் இடம் அகப்படும். பெட்டி போக வேண்டியது அங்கே. போர்ட் பின்பக்கம் என்றால் சுவருக்கும் அதற்கும் குழாயின் விட்டம் அளவாவது இடைவெளி விடுங்கள்.

வைத்தபின் 80 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, கூம்பின் அசைவைத் திருப்பிப் போடும் ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றி, உட்காரும் இடத்தில் எதில் சத்தம் அதிகமோ அதில் விடுங்கள். தானியங்கி அளவீடு செய்யும் ரிசீவர், மூன்று மீட்டரில் உள்ள பெட்டியை ஐந்து மீட்டரில் இருப்பதாகக் காட்டலாம். பெட்டிக்குள் இருக்கும் டிஜிட்டல் பிராசஸர் எடுக்கும் தாமதத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட எண் அது. டேப்பால் அளந்து ‘திருத்த’ வேண்டாம்.

ஒரே இடத்தில் மட்டும் சரியாகக் கேட்கிறது, பக்கத்து இருக்கையில் பேஸே இல்லை என்றால் பெரிய பெட்டி தீர்வாகாது. அதே போல இன்னொரு சின்னப் பெட்டி தீர்க்கும். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஆளுக்கொன்றாக வைத்தால் அறையின் முதல் ஒத்ததிர்வு தூண்டப்படுவதே பெருமளவு குறையும். ஒலி ஆய்வாளர் டாட் வெல்ட்டி 2002இல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகக் காட்டியது. ஒரு 12க்குப் பதில் இரண்டு 8 என்பது சின்ன வீட்டில் பல நேரம் புத்திசாலித்தனமான பேரம்.

பழுது என்று சொல்லப்படும் பலவற்றில் பெட்டியில் கோளாறே இருக்காது. குறைந்த வால்யூமில் தானாக அணைந்துபோகிறதா? பெட்டியின் கெயின் எனும் வால்யூம் குமிழைக் குறைத்து, ரிசீவரின் சப்வூஃபர் லெவலை அதே அளவு ஏற்றுங்கள். ஆட்டோ சுவிட்சுக்கு வேண்டிய சிக்னல் கிடைத்துவிடும். விடாமல் ‘ம்ம்ம்’ என்று உறுமுகிறதா? ஆர்.சி.ஏ. கேபிளைப் பெட்டியின் முனையில் கழற்றுங்கள். உறுமல் நின்றால் அது கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகளுக்கு இடையே சுற்றும் மின்னோட்டம். டிவிக்கு வரும் கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள், எல்லாக் கருவிகளையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் போட்டுப் பாருங்கள். எர்த் பின்னை உடைப்பதோ டேப் சுற்றுவதோ கூடவே கூடாது, உயிருக்கு ஆபத்து.

‘கர்ர்’ என்று கிழிந்த சத்தம் வந்தால் உடனே சர்வீஸுக்கு அனுப்பிவிடாதீர்கள். 25இலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் டோன் ஒன்றைப் போட்டு, சத்தம் வரும் எண்ணில் நிறுத்திக்கொள்ளுங்கள். டோன் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஷோகேஸ் கண்ணாடி, ஜன்னல் கொக்கி, மின்விசிறிக் கிண்ணம், சுவரில் மாட்டிய படச்சட்டம் என ஒவ்வொன்றாகக் கையை வைத்து அழுத்துங்கள். எதை அழுத்தும்போது நிற்கிறதோ அதன் ஓரத்தில் சின்ன ஃபெல்ட் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டு, அதே டோனை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அடுத்த எண்ணில் வேறொன்று கிளம்பும்.